குடல் திருந்தினால் முடி முளைக்குமா?
புழுவெட்டில் முடி வட்டமாகக் கொட்டுவதற்குப் புழு எதுவும் காரணமில்லை. நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களே முடி வேர்களைத் தாக்குகின்றன. நல்லவேளையாக வேர் சாவதில்லை. அதனால் முடி மறுபடி முளைக்க வழியிருக்கிறது.

இதில் குடலுக்கு என்ன வேலை? அங்குள்ள பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைச் சிதைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. தாக்குதலை அடக்கிவைக்கும் வேறுவகை டி செல்கள் பெருக இவை உதவுகின்றன. 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். உடலெங்கும் முடி இழந்திருந்த அவர்களுக்கு, குடல் தொற்றுக்காக ஆரோக்கியமானவரின் மல நுண்ணுயிர்களைச் செலுத்தியபின் முடி வளர்ந்தது.

வியப்பான செய்திதான். ஆனால் இரண்டே பேர். புழுவெட்டு தானாகவே குணமாவதும் உண்டு. இதை நம்பி புரோபயாடிக் மாத்திரைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் என்ற மருந்து இருக்கிறது. அது உங்களுக்கு ஏற்றதா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.