வழிப்பயணச் சமையல்

வழிப்பயணச் சமையல் என்பது, நெடுந்தொலைவு செல்வோர் தம் ஊர்தியில் எடுத்துச் செல்லும் அடுப்பு, பாத்திரம், மளிகைப் பொருட்கள் ஆகியவற்றைக் கொண்டு வழியிலேயே சமைத்து உண்ணும் முறையாகும். மேலைநாடுகளில் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த கேம்பர்வேன் எனப்படும் ஊர்திகளில் இவ்வாறு சமைக்கின்றனர். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கோயில் யாத்திரையோடு இணைந்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள பழனிக்கு வேனிலும் சுற்றுலாப் பேருந்திலும் வருவோர், நடந்து வருவோருக்குத் துணையாகச் சமையல் வண்டியில் வருவோர் ஆகியோரிடம் இம்முறையைக் காணலாம். இரு வழக்கங்களுக்கும் பொதுவானது, ஒரே பாத்திரத்தில் முழு உணவையும் ஆக்கிக்கொள்வதாகும். அடுப்பு இருக்குமிடம் மட்டும் வேறுபடுகின்றது. தமிழக வழக்கில் அடுப்பு ஊர்திக்கு வெளியே, தரையில் மூட்டப்படுகின்றது.

பழனி வழித்தடங்கள்

தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய விழாக்களையொட்டி மதுரை, சிவகங்கை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் பழனிக்கு நடந்து வருகின்றனர். செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து வரும் நகரத்தார் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பல நாட்கள் நடக்கின்றனர். முற்காலத்தில் இத்தகைய குழுக்களின் அரிசியும் பாத்திரங்களும் மாட்டுவண்டியில் வந்தன. இன்று அப்பணியைப் பெரும்பாலும் வேனும் சரக்குந்தும் செய்கின்றன. சமையற்குழு நடப்போருக்கு முன்னதாக அடுத்த தங்குமிடத்தை அடைந்து, அவர்கள் வந்து சேர்வதற்குள் உணவை ஆயத்தப்படுத்துகின்றது.

திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 60 கி.மீ. ஆகும். இவ்வழியிலுள்ள ஒட்டன்சத்திரத்தில் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று அமைந்துள்ளது. தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய் போன்றவற்றை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்பதால் யாத்திரைக் குழுக்கள் தொலைவிலிருந்து காய்கறிகளைச் சுமந்து வரத் தேவையில்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானமும் நடைபெறுகின்றன. பழனிக் கோயிலில் 2012 முதல் நாள்முழுதும் அன்னதானம் வழங்கப்பட்டு வருகின்றது. எனினும் குழந்தைகள், முதியோர், விரதமிருப்போர் ஆகியோருடன் வரும் குழுக்கள் தாமே சமைப்பதையே விரும்புகின்றன.

ஒரே பாத்திரம் பயன்படுவதன் காரணங்கள்

வீட்டுச் சமையலில் சோறு, குழம்பு, பொரியல் என மூன்று அடுப்புகளின் வேலை உண்டு. பயணத்தில் மூன்று வரம்புகள் அதற்கு இடந்தருவதில்லை.

* நீர்: சோற்றை வடிக்கும்போது கூடுதலாக ஊற்றிய நீர் கஞ்சியாக வெளியேறுகின்றது. அளந்து ஊற்றி வற்றவிடும் முறையில் அந்நீர் மிச்சமாகின்றது. கழுவ வேண்டிய பாத்திரங்களும் குறைகின்றன.
* எரிபொருள்: ஒரு பெரிய பாத்திரத்தை ஒரு முறை கொதிக்க வைப்பதற்கு, மூன்று சிறு பாத்திரங்களைத் தனித்தனியே கொதிக்க வைப்பதைவிடக் குறைந்த எரிபொருள் போதும். மூடி வைத்துச் சமைத்தால் மேலும் குறையும்.
* இடம்: வேனில் ஆட்களும் படுக்கை மூட்டைகளும் போக எஞ்சுவது சிறிய இடமே. ஓர் அண்டா, அதன் மூடி, இரண்டு கரண்டிகள், ஒரு அடுப்பு ஆகியவை அதற்குள் அடங்கும்.

உணவு வகைகள்

பழனி வழியில் வழக்கமாகச் செய்யப்படும் ஒரு பாத்திர உணவுகளில் சில:

* அரிசிம்பருப்புச் சாதம்: கொங்குப் பகுதியின் உணவு. சோறும் பருப்பும் சேர்ந்திருப்பதால் தனிக்குழம்பு வேண்டியதில்லை.
* சாம்பார் சாதம்: பருப்பு, காய்கறி, புளி ஆகியவற்றை அரிசியோடு சேர்த்து ஆக்குவது.
* வெண்பொங்கல்: பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம் சேர்ந்த காலை உணவு. பாசிப்பருப்பு விரைவில் வேகும்.
* தக்காளிச் சாதம்: தக்காளி, வெங்காயத்தை வதக்கி அதிலேயே அரிசியை வேகவைப்பது.
* ரவை உப்புமா: எரிபொருள் மிகக் குறைந்த நிலையில் ஏற்றது. நீர் கொதித்த பின் சில நிமிடங்களில் ஆயத்தமாகும்.

அரிசிம்பருப்புச் சாதம் செய்முறை

20 பேருக்கு ஏறத்தாழ 2 கிலோ அரிசியும் அரை கிலோ துவரம்பருப்பும் தேவை. நீர் 7.5 முதல் 8 லிட்டர் வரை ஊற்றலாம். பாத்திரம் குறைந்தது 15 லிட்டர் கொள்ள வேண்டும். சின்ன வெங்காயம், தக்காளி ஆகியவை வகைக்கு அரை கிலோ, பூண்டு 100 கிராம், வரமிளகாய், சீரகம், மிளகு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு ஆகியவையும் வேண்டும்.

பருப்பை அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம், மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி நீர் ஊற்ற வேண்டும். நீர் கொதித்ததும் பருப்பும் மஞ்சளும் இட்டு, பருப்பு அரைவேக்காடு ஆன பின் அரிசி, தக்காளி, உப்பு, பொடித்த மிளகு ஆகியவற்றைச் சேர்க்கலாம். தக்காளியை முதலிலேயே சேர்த்தால் அதன் புளிப்பு பருப்பு வேகும் நேரத்தைக் கூட்டும். திறந்த பாத்திரத்தில் சமைக்கும்போது இவ்வரிசை முதன்மையானது. நீர் வற்றி அரிசியின் மட்டத்துக்கு வந்ததும் தணலைக் குறைத்து மூடிவிட வேண்டும். அடுப்பை அணைத்த பின் கால்மணி நேரம் திறவாமல் வைத்தால் எஞ்சிய வெப்பத்திலேயே முழுதாக வெந்துவிடும்.

உயரமும் கொதிநிலையும்

பழனியிலிருந்து பலர் கொடைக்கானலுக்கும் செல்கின்றனர். சமவெளியில் சரியாக வெந்த அதே பருப்பு அங்கே எளிதில் வேகுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை செல்சியஸ் வீதம் நீரின் கொதிநிலை குறைவதே இதன் காரணம். பழனி நகரில் நீர் ஏறத்தாழ 99 பாகையில் கொதிக்கின்றது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 93 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் அதற்கு மேல் சூடாவதில்லை. பிரஷர் குக்கரில் நீராவியின் அழுத்தம் கூடுவதால் வெப்பநிலை 115 பாகைக்கு மேல் உயர்கின்றது. எனவே மலைப் பயணத்தில் பருப்புக்குக் குக்கர் ஏற்றது. குக்கர் இல்லாதவர் துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பைப் பயன்படுத்தலாம்.

உணவு கெடாமை

சமைத்த சோற்றை வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் வைத்திருப்பது தீங்கானது. அரிசியிலுள்ள பாசில்லசு செரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் ஒரு வகை உண்டாக்கும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் நீங்குவதில்லை. ஆகவே பருப்புச் சாதம் போன்றவற்றை வேளைக்கு வேளை சமைத்துச் சூடாக உண்டு முடித்துவிட வேண்டும். காலையில் ஆக்கி இரவுவரை வண்டியில் வைத்திருத்தல் கூடாது. எடுத்துச் செல்ல வேண்டிய உணவாகப் புளியோதரையே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. புளியின் அமிலத்தன்மை நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றது.

தீப்பாதுகாப்பு

2023 ஆகத்து 26 அன்று அதிகாலையில், மதுரை தொடர்வண்டி நிலையத்தின் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தோர் தங்கியிருந்த அப்பெட்டியினுள் விதிமீறி எடுத்து வரப்பட்ட சமையல் எரிவளி உருளையே தீக்குக் காரணம் எனத் தெற்கு இரயில்வே தெரிவித்தது. இவ்விபத்தில் 9 பேர் உயிரிழந்தனர். எளிதில் தீப்பற்றும் இத்தகைய பொருட்களைத் தொடர்வண்டியில் எடுத்துச் செல்வது 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றமாகும்.

சமையல் எரிவளி காற்றைவிடக் கனமானது. வெளியிடத்தில் கசிந்தால் காற்றில் கலந்து நீர்த்துவிடும். ஊர்தியினுள் கசிந்தால் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி அதனைப் பற்ற வைத்துவிடும். நகரும் வண்டியின் அதிர்வால் குழாய் இணைப்புகள் தளர்வதும் உண்டு. இதனாலேயே வாழிட ஊர்திகளில் உருளைக்கெனத் தனி அறையும், அதன் அடியில் வெளிக்காற்றுத் துளையும் அமைக்கப்படுகின்றன. வாடகை வேன்களிலும் பேருந்துகளிலும் பொதுவாக இவ்வமைப்பு இருப்பதில்லை. அவற்றில் சமைப்பதற்குப் பாதுகாப்பான இடமே கிடையாது. கரியடுப்பை உள்ளே வைத்துக் குளிர்காய்வதும் உயிருக்கு இடரானது. அதிலிருந்து வெளிவரும் கார்பனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லாததால் உறங்குவோர் அதனை உணர்வதில்லை.

பழனி வழியில் சமைப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை:

* அடுப்பை ஊர்தியிலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் தள்ளி வைத்தல். நிறுத்திய வண்டியின் பின்புறம் சமைப்பது, பிற வண்டிகள் மோதும் இடர் உடையது.
* தை, பங்குனி மாதங்களில் சாலையோரப் புற்கள் காய்ந்திருக்கும் என்பதால், அடுப்பைச் சுற்றித் தரையைச் சுத்தம் செய்தல்.
* காற்று வீசும் திசையில் மறைப்பு வைத்தல். அருகில் ஒரு வாளி மணல் வைத்திருத்தல்.
* புறப்படுமுன் விறகுத் தணலை நீரூற்றி அணைத்தல். உருளையை மூடிக் குழாயைக் கழற்றுதல்.

இவற்றையும் பார்க்க

* பழனி
* தைப்பூசம்
* கட்டுச்சோறு
* அன்னதானம்
* கொங்கு நாட்டுச் சமையல்