நலம் விசாரிக்கப் போய் நோகடிக்காதீர்!

என் அண்ணிக்கு, மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ கொடுத்தனர். துணைக்கு இருந்தது நான் தான். நோயை விட, பார்க்க வந்தவர்களின் பேச்சு தான் அண்ணியை அதிகம் வாட்டியது.

'எங்க தெருவுலயும் ஒருத்திக்கு இதே தான்... ஆறு மாசம் கூட தாங்கல...' என்றார் ஒருவர். 'எவ்வளவு முடி இருந்துச்சு உனக்கு...' என்று கண்ணைக் கசக்கினார் இன்னொருவர். ஒட்டிக்குமோன்னு பயந்து, கொடுத்த காபியைத் தொடாமலே போனவரும் உண்டு. உறவுக்கார பெண்மணி ஒருவரோ, 'இந்த ஊசியெல்லாம் உடம்பைக் கெடுத்துடும். லேகியம் சாப்பிட்டா போதும்' என்று ஓதி விட்டுப் போக, நான்காவது கீமோவுக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தார், அண்ணி.

அப்போது கை கொடுத்தவர், எதிர் வீட்டு அக்கா. அறிவுரை எதுவும் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து, 'உனக்கு என்னம்மா பயம்?' என்று மட்டும் கேட்டார். அண்ணி அழுது முடிக்கும் வரை, கையை விடவில்லை. பின், 'இதை டாக்டர்கிட்டயே கேட்ருவோம், வா' என்று அழைத்துப் போனார். பாதியில் நிறுத்தினால் வரும் ஆபத்தையும், கொட்டிய முடி பெரும்பாலும் திரும்ப வளரும் என்பதையும் டாக்டர் பொறுமையாக விளக்க, ஆறு கீமோவும் முடிந்தது.

தோழிகளே... புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. கீமோ நேரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவதால், நம்மிடம் உள்ள சளி, காய்ச்சல் தான் அவர்களுக்கு எளிதில் தொற்றும். அந்த நாட்களில் போகாமல், போனில் பேசுங்கள். வாய்ப்புண், குமட்டல் இருக்கும் என்பதால், எண்ணெய் பலகாரம் வேண்டாம். என்ன சாப்பிட முடிகிறது என்று கேட்டு, குழைந்த ரசம் சாதமோ, இட்லியோ கொடுங்கள்.

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்றால், யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் நான் கட்டித் தர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள்... முகம் மலரும்! சிகிச்சைக்கு வெளியூர் போகிறவர்களுக்கும், துணைக்குச் செல்பவருக்கும், ஆஸ்பத்திரி சான்றிதழ் காட்டினால், ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு; அதை வாங்கித் தருவதும் பெரிய உதவி தான்.

கூடவே, கண் விழித்துப் பார்த்துக் கொள்பவரிடமும், 'நீ சாப்பிட்டியாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்காக ஏங்குபவர்கள் எத்தனையோ பேர்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.