அறிந்தவரையே நம்புகிறோம்



2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி, திருவனந்தபுரம் கடற்பகுதிகளைத் தாக்கியது. பொழியூர் முதலான கடலோர ஊர்களில், கடலுக்குச் சென்றவர்களுக்காகக் குடும்பங்கள் கண்ணீரோடு காத்திருந்தன. திரும்பாதவர் அநேகர். “ஆண்டவரே, ஏன்?” என்ற கேள்வி அன்று எழுந்தது. பட்டணத்தில் வேலையை இழந்து, வாடகைக்குத் திகைக்கும் உங்கள் உள்ளத்திலும் அக்கேள்வி எழலாம்.

பாறசாலைக்குத் தொலைவில் இல்லாத நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த அவர், பொருள் நஷ்டத்தால் கலங்கினார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்பு மன்னரின் படையில் பணியாற்றிய டிலனாய், அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்தார். அதன் வழியாய் அவர் ஜீவனுள்ள தேவனை அறிந்தார். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையிலும் சித்திரவதையிலும் ஆண்டவரை மறுதலிக்கவில்லை. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கவனியுங்கள்! யோபுவின் “ஏன்” என்ற கேள்விக்குத் தேவன் காரணம் சொல்லவில்லை, தம்மையே வெளிப்படுத்தினார். அதுவே அவனுக்குப் போதுமாயிருந்தது.

முன்பின் அறியாதவர் கையில் நம் பிள்ளையை ஒப்படைப்போமா? அறிய அறியத்தான் நம்பிக்கை வளரும். தாவீதின் அனுபவமும் இதுவே (சங்கீதம் 9:10). அவசரத்தில் மாத்திரம் கர்த்தரைத் தேடுகிறவன் புயல் நாளில் தடுமாறுவான். அனுதினமும் அவரோடு நடக்கிறவனோ அவர் கரத்தைப் பற்றிக்கொள்வான்.

இன்றிரவு குடும்பமாக யோபின் புஸ்தகத்தைத் திறவுங்கள். “ஏன்?” என்று கேட்பதோடு, “ஆண்டவரே, நீர் யார்?” என்றும் கேளுங்கள். அவர் தம்மை உங்களுக்கு வெளிப்படுத்துவாராக. ஆமென்.