கார் கீறலும் கடைக் கணக்கும்

கடைவீதியில் கார் வைத்திருக்கும் வணிகருக்குக் கீறல் புதிதல்ல. மூட்டை வண்டி உரசும்; இரு சக்கர வாகனம் இடித்துவிட்டுப் போகும். ஒவ்வொரு கீறலுக்கும் பட்டறைக்கு அனுப்பினால் செலவு. கண்டுகொள்ளாமல் விட்டால் துரு. எதை நாமே சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

நகச் சோதனை

காரின் பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள். எல்லாம் சேர்ந்தும் சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான்.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. ரப்பிங் காம்பவுண்டை மென்மையான துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். நகம் தட்டினால் பெயிண்ட் வேலை உண்டு. இரும்பே தெரிந்தால் ஒத்திப்போடக் கூடாது. கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் துரு விரைவாகப் பிடித்து, பெயிண்டுக்கு அடியில் பரவும்.

ஸ்பிரே செய்யும் முறை

வெள்ளையில் கூட பல வகை உண்டு. எனவே நிறத்தின் பெயரைச் சொல்லி வாங்காமல், கதவுத் தூண் அல்லது பானெட்டின் உட்புறத் தகட்டில் உள்ள நிறக் குறியீட்டு எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

இடத்தைச் சோப்பு நீரில் கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைக்கவும். துருவை முற்றிலும் தேய்த்தெடுக்கவும். பள்ளம் இருந்தால் பட்டி வைத்து, காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் சமன் செய்யவும். சுற்றிலும் டேப்பும் காகிதமும் ஒட்டி, பிரைமர் அடித்து, காய்ந்தபின் 600 முதல் 800 எண் தாளை நீரில் நனைத்துத் தேய்க்கவும்.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்கு குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். 10, 15 நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளே சரி. இறுதியில் கிளியர் கோட். கொதிக்கும் வெயிலிலும் மழை ஈரத்திலும் இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு வெளிறிப்போகும்.

எச்சரிக்கை

டப்பாவின் அழுத்த வாயு தீப்பற்றக்கூடியது. அடுப்பு, பூஜை விளக்கு, பீடி சிகரெட் அருகில் ஆகாது. திறந்த வெளியில் அடிக்கவும். சாதாரணத் தூசுத் துணி தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குரிய முகமூடி தேவை. மீந்த டப்பாவை வெயில் படும் இடத்திலோ, கிடங்கில் சரக்கோடு சரக்காகவோ வைக்க வேண்டாம்.

பட்டறைக்கு உரியவை

உள்ளங்கையை விடப் பெரிய இடம், மெட்டாலிக் நிறம், பானெட்டின் நடுப்பகுதி ஆகியவற்றைப் பட்டறைக்கே விடுங்கள். வீட்டில் அடித்தால் திட்டு தெரியும். பெட்ரோல் மூடியைச் சுற்றியும் அப்படியே. சாதாரண டப்பா கிளியர் கோட் பெட்ரோல் பட்டால் கெடும். காரின் நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கணக்கு

கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கிறது. ஒருமுறை கிளெய்ம் செய்தால், தனிப் பாதுகாப்பு எடுத்திராதவருக்கு அது போய்விடும். பிரீமியம் 8,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம் என்று கொள்வோம். 3,000 ரூபாய் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால், அந்தத் தொகைகூட முழுதாக வராது. அடுத்த ஆண்டில் 4,000 ரூபாய் தள்ளுபடி கைவிட்டுப் போகும். சிறு கீறலுக்குக் கிளெய்ம் படிவம் எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.