ஆற்றில் மிதந்து வந்த வீரர்கள்

பல தேசத்துப் பழங்கதைகளையும் ஒருங்கே வைத்துப் படித்தால் விந்தையான ஒற்றுமை ஒன்று புலப்படும். மகாவீரர்கள் பலர் பச்சைக் குழந்தையாக இருக்கையிலேயே ஆற்றோடு விடப்பட்டவர்கள்!

இற்றைக்குச் சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் மெஸபொடேமியாவில் அக்காத் சாம்ராஜ்யத்தை ஸ்தாபித்தவன் ஸார்கோன். தேவதாசேவையில் உயர் பதவி வகித்த தாய் அவனை இரகசியமாகப் பெற்று, நாணற் கூடையில் வைத்து, கீல் பூசி மூடி, ஆற்றில் விட்டாளாம். தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவன் குழந்தையை எடுத்து வளர்த்துத் தோட்டக்காரன் ஆக்கினானாம். யூதர்களின் தலைவரான மோசேயும் நாணற் பெட்டியில் நைல் நதியோரம் விடப்பட்டவர். பார்வோனுடைய குமாரத்தி அவரைக் கண்டெடுத்தாள். ரோமாபுரியை நிர்மாணித்த ரோமுலஸும் அவன் தம்பி ரீமஸும் டைபர் நதியிலே விடப்பட்டு, பெண் ஓநாயின் பாலைக் குடித்து, இடையன் குடிசையில் வளர்ந்தவர்கள். நம் கர்ணனோ குந்தியின் கையால் பேழையில் வைக்கப்பட்டு, கங்கை வழியே மிதந்து, தேரோட்டியான அதிரதனிடம் சேர்ந்தவன்.

இவ்வொற்றுமையை மேனாட்டு அறிஞர்கள் வெகுவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆட்டோ ராங்க் என்பவர் 1909-ஆம் ஆண்டில் வீரர்களின் பிறப்புக் கதைகளைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். கர்ணனும் அதில் இடம் பெற்றான். ராக்லன் பிரபு 1936-இல், கதாவீரனுக்குரிய அடையாளங்கள் 22 என்று கணக்கிட்டார். தாய் அரசகுலக் கன்னிகை, சிசுவைக் கொல்ல முயற்சி, தூரதேசத்திலே வளர்ப்புப் பெற்றோர் என்று அந்தப் பட்டியல் செல்கிறது.

பட்டியல் சரிதான். ஆனால், வீரனை வீரனாக்குவது அந்தப் பிறப்புத்தானா?

தோட்டக்காரன் ஒருவன் சக்கரவர்த்தியானான் என்றால் ஜனங்களின் மனம் எளிதில் ஒப்புவதில்லை. எங்கேயோ உயர்ந்த இரத்தம் கலந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறது. ஸார்கோனுக்கு அத்தகைய தாயும், ரோமுலஸுக்கு அரசகுலத் தாயும் வாய்த்ததன் காரணம் இதுவாகவே இருக்கலாம். இதற்கு நேர்மாறானது மோசேயின் கதை. அவர் அடிமைக் குடியில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர். இந்த வேற்றுமையை ஸிக்மண்ட் பிராய்ட் 1939-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக் காட்டினார்.

ஆகவே பிறப்பை விட்டுச் செயலைப் பார்ப்போம். ரோமுலஸ் ஒரு நகரத்தைக் கட்டினான். ஆனால், தான் எழுப்பிய மதிலைப் பரிகாசமாகத் தாண்டிய தம்பியைக் கொன்றான் என்கிறது கதை. அந்தச் சகோதர ஹத்தியைத் தங்கள் நகரத்தைத் தொடரும் சாபமாகவே ஹொரேஸ் என்னும் ரோமாபுரிக் கவி கருதினார். மோசேயோ, எபிரேய அடிமை ஒருவன் அடிபடக் கண்ட அன்றே அரண்மனை வாழ்வுக்கு முழுக்குப் போட்டார். தம் ஜனங்களை விடுவித்து 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் நடத்திச் சென்றார். முடிவில், வாக்களிக்கப்பட்ட நாட்டை நேபோ மலைமீதிருந்து கண்ணால் கண்டாரேயன்றி, காலால் மிதிக்கவில்லை. எனினும் யூதர்களுக்கு அவரே தலைசிறந்த தலைவர்.

இனிக் கர்ணனுக்கு வருவோம். அரங்கத்திலே அர்ஜுனனுக்கு எதிரே நின்றவனைக் கிருபர் குலம் கேட்டார். துரியோதனன் அவனை அங்கதேசத்துக்கு அரசனாக்கினான். அபிஷேகத்தின் ஈரம் காயவில்லை. கிழவன் அதிரதன் கோலூன்றி, வியர்வை வழிய உள்ளே வந்தான். நாணி முகம் திருப்ப வேண்டிய தருணம் அல்லவா அது? கர்ணனோ வில்லைக் கீழே வைத்து, ஈரத் தலையைத் தேரோட்டியின் முன் தாழ்த்தி வணங்கினான். சாட்டையை எடுத்துக்கொள் என்று பீமன் ஏளனம் செய்தான்.

பிற்பாடு யுத்தம் நெருங்குகையில் கண்ணன் அவனைத் தனியே அழைத்துப் பிறப்பின் இரகசியத்தைக் கூறினான். மூத்தவனாகிய அவனுக்கே ராஜ்யம், தருமன் இளவரசன், பீமன் குடை பிடிப்பான். கர்ணன் மறுத்துவிட்டான். தன்னைக் கண்டதும் ராதைக்குப் பால் சுரந்ததையும், அதிரதன் தனக்குத் தந்தையாக நின்று சடங்குகள் செய்ததையும், துரியோதனன் தன்னை நம்பியிருப்பதையும் எடுத்துச் சொன்னான். அவன் குற்றமற்றவன் அல்லன். சபையிலே திரௌபதியை இழிவாகப் பேசியவன். நின்ற பக்கமும் அதர்மத்தின் பக்கம். தோல்வி நிச்சயம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆயினும், உலகம் தன்னை இகழ்ந்ததற்குக் காரணமான குலக்குறை பொய்யென்று தெரிந்த கணத்திலும், வளர்த்தவர்களை அவன் கைவிடவில்லை. அந்தக் கணத்தில்தான் அவன் வீரனானான்.

மோசே இருந்த அரண்மனையைத் துறந்தார். கர்ணன் வந்த அரண்மனையை மறுத்தான். பிறப்பு இருவருக்கும் தற்செயல். யாருடன் நிற்பது என்பதோ அவரவரே செய்துகொண்ட முடிவு. ஆளைக் கண்டதும் குலம் விசாரிக்கும் வழக்கம் நம் வீடுகளிலிருந்து இன்னும் முற்றும் ஒழியவில்லை. குழந்தைகளுக்குக் கர்ணன் கதையைச் சொல்லும் பெற்றோர்கள், அவன் சூரியபுத்திரன் என்பதோடு நிறுத்திவிடாமல், ஈரத் தலையோடு அவன் வணங்கிய காட்சியையும் சொல்வார்களாக.

அந்த இரகசியத்தைத் தருமனிடம் கூற வேண்டாம் என்று கர்ணன் கண்ணனைக் கேட்டுக்கொண்டான். தெரிந்தால் தருமன் ராஜ்யத்தை ஏற்கமாட்டான் என்பது அவன் கவலை. யுத்தம் முடிந்து, மாண்டவர்களுக்கு நீர்க்கடன் செலுத்தும்போதுதான், மூத்த தமையனுக்கும் நீர் விடுமாறு குந்தி தன் மக்களிடம் கூறினாள். பேழை மிதந்து வந்த அதே கங்கையின் கரையில் நின்று, தருமபுத்திரன் தன் தமையனுக்காக அழுதான்.