குறைநிறை விண்மீன்களின் ஆரச் சிக்கலும் கொல்லிமலை இருள்வானமும்

கொல்லிமலையின் அரியூர்ச்சோலைக் காப்புக்காட்டுப் பகுதியில் தமிழ்நாட்டின் முதல் இருள்வானப் பூங்காவை அமைக்கும் திட்டத்தை மாநில அரசு 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. செயற்கை ஒளியிலிருந்து இரவுநேர உயிரினங்களைக் காப்பதும், மக்கள் வானைக் கண்டு மகிழ இடமளிப்பதும் இத்தகைய பூங்காக்களின் நோக்கங்கள். அங்குக் கிடைக்கும் இருளை ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா என்னும் வினாவிற்கு இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட விடையை முன்வைக்கிறது. குறைநிறை விண்மீன்கள் இடம்பெறும் மறைப்பு இரட்டைகளை ஆண்டுக்கணக்கில் ஒளியளந்து வருவதே அவ்விடை.

சூரியனின் நிறையில் ஏறத்தாழ எட்டு விழுக்காடு முதல் அறுபது விழுக்காடு வரை கொண்டவை சிவப்புக் குறுமீன்கள். சூரியனின் அண்டையிலுள்ள விண்மீன்களுள் நான்கில் மூன்று பங்கு இவையே. எனினும் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தனித்து நிற்கும் குறுமீனின் நிறையை நேரடியாக அளக்க இயலாது. ஒளிர்திறனிலிருந்து உய்த்துணரவே முடியும். இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வந்து, அச்சுற்றுப்பாதை நம் பார்வைக்கோட்டில் கிடைமட்டமாக அமையும்போது நிலைமை மாறுகிறது. ஒன்று மற்றொன்றை மறைக்கும் கால அளவு, சுற்றுப்பாதையோடு ஒப்பிட்ட ஆரங்களைத் தருகிறது. நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியிலிருந்து கிடைக்கும் ஆரத்திசைவேகம் நிறைகளையும் சுற்றுப்பாதையின் மெய்யளவையும் தருகிறது. விண்மீனின் உட்கட்டமைப்பு பற்றிய எக்கோட்பாட்டின் துணையுமின்றி நிறையும் ஆரமும் ஒருசேரக் கிடைப்பது இம்முறையின் தனிச்சிறப்பு.

இவ்வாறு அளந்தபோதுதான் சிக்கல் தலைதூக்கியது. அளந்த ஆரங்கள் கோட்பாடு கூறும் ஆரங்களைவிடப் பல நேர்வுகளில் ஐந்து முதல் பத்து விழுக்காடு மிகுந்திருந்தன. இது சிறு வேறுபாடன்று. குறுமீனைச் சுற்றும் கோளின் ஆரம், விண்மீனின் ஆரத்தோடு ஒப்பிட்டே கணிக்கப்படுகிறது. விண்மீனின் மெய்யான ஆரம் பத்து விழுக்காடு கூடுதலெனில் கோளின் ஆரமும் அவ்வாறே கூடும். கோளின் அடர்த்தியோ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாறைக்கோள் எனக் கருதப்பட்ட ஒன்று நீரோ வளிமமோ மிகுந்த கோளாக மாறிவிடக்கூடும்.

இதற்கு நம் வானிலேயே நல்ல சான்று உண்டு. புனர்பூசத்தின் இரு ஒளிமிகு விண்மீன்களுள் ஒன்று காஸ்டர். ஒரு புள்ளியாகத் தெரியும் அது உண்மையில் மூன்று இரட்டைகளாகப் பிரியும் ஆறு விண்மீன்களின் தொகுதி. அவற்றுள் மங்கலான இரட்டையே ஒய்ஒய் ஜெமினோரம். சூரியனின் நிறையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு கொண்ட இரு குறுமீன்கள் 19.5 மணி நேரத்திற்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மறைப்பு நிகழாத நேரத்திலும் அதன் ஒளிவளைவு நேராக அமையாமல் நெளிவதை 1952இல் ஜெரால்டு க்ரான் ஆராய்ந்து, பரப்பிலுள்ள கரும்புள்ளிகளை அதற்குக் காரணமாகக் காட்டினார்.

இப்புள்ளிகளே சிக்கலின் மையம் எனலாம். நெருங்கிச் சுற்றும் குறுமீன்கள் விரைந்து சுழல்வதால் வலிய காந்தப்புலத்தைப் பெறுகின்றன. அது வெப்பச்சலனத்தைத் தடுக்கிறது. புள்ளிகள் வெப்பத்தின் வெளியேற்றத்தைக் குறைக்கின்றன. விண்மீன் சற்றே விரிகிறது. இது ஒரு விளக்கம். ஆனால் அதே புள்ளிகள் ஒளிவளைவின் வடிவத்தையும் சிதைப்பதால், கணக்கிடும் ஆரமே பிழைபடவும் கூடும். விண்மீன் மெய்யாகவே பருத்துள்ளதா, நம் அளவீடு பருத்துக் காட்டுகிறதா என்பதைப் பிரித்தறிய ஓர் இரவின் ஒளிவளைவு போதாது. புள்ளிகள் இடம் மாறுவன. மறைந்து மீண்டும் தோன்றுவன. நிறத்திற்கு நிறம் அவற்றின் விளைவும் வேறுபடுகிறது.

சிஎம் டிரக்கோனிஸ் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. அதன் உறுப்புகளின் நிறை சூரியனின் நிறையில் 0.231, 0.214 மடங்கு, ஆரம் சூரியனின் ஆரத்தில் 0.253, 0.240 மடங்கு. மையம் முதல் மேற்பரப்பு வரை முழுதும் வெப்பச்சலனத்தாலேயே இயங்கும் இத்தகைய விண்மீன்களில் காந்தத்தடை பெரிய விரிவை உண்டாக்குவது அரிது. ஆயினும் அவற்றின் ஆரமும் கோட்பாட்டை மிஞ்சுகிறது. உடன்செல்லும் வெண்குறுமீன் ஒன்று குளிர்ந்துள்ள அளவைக் கொண்டு அகவையையும் மதிப்பிட முடிவது இத்தொகுதியின் அரிய பேறு.

இந்தியாவில் இத்துறையில் அபு மலையிலிருந்து நடந்த பணி குறிப்பிடத்தக்கது. பௌதிக ஆராய்ச்சி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய பாரஸ் நிறமாலைமானியின் துணையோடு, பிரியங்கா சதுர்வேதி முதலியோர் சூரியனின் நிறையில் 0.098 மடங்கே கொண்ட ஒரு துணைவிண்மீனை 2016இல் வெளிப்படுத்தினர். அதன் ஆரம் சூரியனின் ஆரத்தில் 0.127 மடங்கு, அதாவது வியாழனைவிடச் சற்றே பெரியது. ஒளிவளைவை மட்டும் நோக்கினால் அதைக் கோளென்றே கொள்ள நேரும். ஆரத்திசைவேகமே அது விண்மீன் எனக் காட்டியது. ஆயின், இங்கு ஒளிமிகு முதன்மை விண்மீனின் கோடுகள் மட்டுமே தெரிவதால் அதன் நிறையைக் கோட்பாட்டிலிருந்து பெற வேண்டியுள்ளது. கோட்பாட்டையே சோதிக்க இரு உறுப்புகளின் கோடுகளும் தெரியும் இரட்டைகளே ஏற்றவை.

கொல்லிமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில், சவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. நிறமாலைப் பணி அத்தகைய கருவிக்கே உரியது. கொல்லிமலைக்குப் பொருந்துவது ஒளியளவைதான். 2018இல் ஏவப்பட்ட டெஸ் செயற்கைக்கோள் இவ்விரட்டைகளை நம்மினும் துல்லியமாக அளந்துவிட்டதே எனக் கேட்கலாம். டெஸ் ஓர் அகன்ற செந்நிறப் பட்டையில் மட்டுமே அளக்கிறது. புள்ளியின் வெப்பநிலையை அறிய நீலமும் சிவப்பும் கலந்த பன்னிற அளவீடு வேண்டும். அதை முப்பது, நாற்பது சென்டிமீட்டர் தொலைநோக்கியும் சிசிடி ஒளிப்படக்கருவியும் வடிகட்டிகளும் கொண்ட ஒரு கல்லூரித்துறையே செய்யலாம்.

காலமும் இடமும் இசைகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரியில் புனர்பூசம் நள்ளிரவில் உச்சியை நெருங்குகிறது. கொல்லிமலையில் ஒய்ஒய் ஜெமினோரம் ஏறத்தாழ 69 பாகை உயரத்தை எட்டும். ஐந்து சுற்றுகள் நான்கு நாள் 1 மணி 43 நிமிடத்தில் நிறைவதால், நான்கு நாளுக்கு ஒருமுறை அதே மறைப்பைச் சற்றுப் பிந்திய நேரத்தில் மீண்டும் காணலாம். ஒரு கலையைச் சற்றே மிஞ்சிய தொலைவிலுள்ள காஸ்டரின் பேரொளி உணரியில் கசிந்து அளவைக் கெடுக்கும் என்பதே பெரும் இடையூறு. குறுகிய ஒளிபதிவுகளைப் பல எடுத்துக் கூட்டுவதும், காஸ்டரைக் காட்சிப் புலத்திற்கு வெளியே நிறுத்துவதும் இதற்கு நடைமுறைத் தீர்வுகள்.