சாலை வந்தது, தெரு எங்கே?



ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில் உங்கள் வீட்டைச் சின்னக் கட்டமாகப் போடுங்கள். சுற்றிலும் உங்கள் பள்ளிக்கூடம், மிட்டாய் வாங்கும் கடை, நண்பன் வீடு, பந்து விளையாடும் திடல், பாட்டி போகும் கோயில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் குறியுங்கள். ஆயிற்றா?

இப்போது ஸ்கேலைத் தாளின் குறுக்கே வைத்து, அதன் இரண்டு பக்கமும் கோடு இழுங்கள். கோடுகளுக்கு நடுவே என்னென்ன அகப்பட்டன? கோட்டுக்கு அந்தப் பக்கம் எது போய்விட்டது? பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் ஆகிவிட்டனவா?

நகரத்துக்குள் பெரிய நெடுஞ்சாலை வருவதும் இப்படித்தான். முதலில் அது ஓர் அலுவலக மேசையில், வரைபடத்தின் மேல் ஒரு கோடாக வருகிறது. பிறகுதான் புல்டோசர் வருகிறது. அப்படி ஒரு கோட்டுக்கு அடியில் அகப்பட்ட குடியிருப்பின் கதையை இன்று சொல்கிறேன். இது கற்பனைக் கதையல்ல. உண்மையில் நடந்தது.

ரோண்டோ என்றொரு பேட்டை

அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா என்ற மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் செயின்ட் பால். பக்கத்திலேயே மினியாபொலிஸ் என்ற இன்னொரு பெரிய நகரம். இரண்டையும் சேர்த்து 'இரட்டை நகரங்கள்' என்பார்கள்.

செயின்ட் பால் நகரில் ரோண்டோ அவென்யூ என்று ஒரு தெரு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜோசப் ரோண்டோ என்ற தோல் வணிகரின் பெயரால் வந்த பெயர் அது. 20-ஆம் நூற்றாண்டில் அந்தத் தெருவும் அதைச் சுற்றிய தெருக்களும் கறுப்பின மக்களின் முக்கியமான குடியிருப்பாக வளர்ந்தன. முழுப் பகுதிக்குமே ரோண்டோ என்று பெயர் நிலைத்துவிட்டது.

அங்கிருந்தவர்களில் பலர் ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரிப்பது, பெட்டி தூக்குவது போன்ற வேலைகள். மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, தேவாலயங்கள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. 1929-ல் ஹாலி க்யூ. பிரவுன் என்ற பெயரில் ஒரு சமூக நிலையமும் அந்த மக்களுக்காகத் தொடங்கப்பட்டது.

அவர்கள் ஏன் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல இடங்களில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ மறுத்தார்கள். சில வீட்டுப் பத்திரங்களிலேயே 'வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது' என்று நிபந்தனை இருந்தது. கையில் பணம் இருந்தாலும் விரும்பிய தெருவில் வீடு வாங்க முடியாது. அதனால் ரோண்டோ அவர்களுக்கு வெறும் முகவரி அல்ல, பாதுகாப்பான கூடு.

இரண்டு வழிகள் இருந்தன

இனி சாலைக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு, ஐசனோவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அமெரிக்காவில் ஒரு பெரிய சட்டம் வந்தது. நாடு முழுவதும் சுமார் 66,000 கிலோமீட்டர் நீளத்துக்கு அதிவேகச் சாலைகள் போட வேண்டும் என்பது திட்டம். செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தரும். நூறு ரூபாய் வேலையைப் பத்து ரூபாயில் முடித்துக்கொள்ளலாம் என்றால் எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்?

இரட்டை நகரங்களை இணைக்கும் சாலைக்கு, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, ரோண்டோ வழியாகப் போவது. மற்றொன்று, வடக்கே தள்ளி, ரயில் தண்டவாளங்களை ஒட்டிப் போவது. இந்த வடக்கு வழியைச் சொன்னவர் ஜார்ஜ் ஹெரால்ட். அவர் செயின்ட் பால் நகரத்தின் திட்டப் பொறியாளர். குடியிருப்பின் நடுவே சாலை போட்டால் மக்கள் வீடிழப்பார்கள், அக்கம்பக்கம் இரண்டாகப் பிளந்துவிடும் என்று அவர் எச்சரித்தார்.

அவர் பேச்சு எடுபடவில்லை. கோடு ரோண்டோவின் மேல் விழுந்தது.

ரோண்டோவுக்கு மட்டும் வந்த துன்பமா இது? இல்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழ்ந்த பகுதிகளின் நடுவேதான் இந்தச் சாலைகள் போயின. அங்கே நிலத்தின் விலை குறைவு. எதிர்த்துப் பேசுகிறவர்களின் குரலுக்கு அலுவலகங்களில் மதிப்பும் குறைவு. 1957 முதல் இருபது ஆண்டுகளில், இந்த நெடுஞ்சாலைகளுக்காக நாடு முழுவதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு மாற நேர்ந்தது.

கோடரியோடு வந்தவர்கள்

ரோண்டோ மக்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் சேர்த்தார்கள். ஃப்ளாய்ட் மாஸி என்ற போதகரும் திமோத்தி ஹோவர்ட் என்ற முடிதிருத்தும் கலைஞரும் முன்னே நின்றார்கள். "வீட்டுக்கு நியாயமான விலை வேண்டும். வேறு பகுதியில் வீடு வாங்க எங்களைத் தடுக்கக் கூடாது. சாலையை உயரத் தூக்கிக் கட்டாமல் பள்ளத்தில் அமைக்க வேண்டும்" என்று கேட்டார்கள்.

சாலை உயரத்தில் போனால் சுவர்போல் நின்று வெளிச்சத்தை மறைக்கும். சத்தமும் வீடுகளின் மேல் விழும். பள்ளத்தில் போனால் இரண்டும் கொஞ்சம் குறையும். இந்த ஒரு கோரிக்கையில் அவர்கள் வென்றார்கள். ஆனால், வீடு வாங்குவதில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அப்போது கிடைக்கவில்லை. வீட்டை இடிப்பார்களாம், வேறிடத்தில் வீடும் தரமாட்டார்களாம்! எப்படி இருக்கிறது நியாயம்?

ஜார்ஜ் டேவிஸ் என்ற முதிய போதகர் தம் வீட்டைவிட்டு வெளியேற மறுத்தார். 1956-ல் போலீசார் கோடரியும் சம்மட்டியும் கொண்டுவந்து அவர் வீட்டை உடைத்து, அவரை வெளியேற்றினார்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் போயின. 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. 1968-ல் சாலை திறக்கப்பட்டது. அதே 1968-ல்தான், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று நாடு முழுவதுக்குமான சட்டமும் வந்தது. ரோண்டோ மக்களுக்கு அது காலம் கடந்த மழை.

இடியாத வீடுகளுக்கு என்ன ஆயிற்று?

சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். தப்பித்த வீடுகளையும் சாலை விடுவதில்லை. எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, தூரம். எதிர்வீடு நேற்றுவரை இருபது அடி. அதிவேகச் சாலையின் குறுக்கே நடக்க முடியாதே! பாலம் இருக்கும் இடம்வரை நடந்து, கடந்து, மறுபடி திரும்பி வர வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருந்த நண்பன் அரை மணி நேரத் தூரத்துக்குப் போய்விடுவான். மெல்ல மெல்லப் போக்குவரத்தே நின்றுவிடும்.

இரண்டாவது, பிழைப்பு. ஒரு கடைக்குச் சுவரும் கூரையும் மட்டும் போதாது. தினம் வரும் வாடிக்கையாளர் வேண்டும். சுற்றியிருந்த குடும்பங்கள் திசைக்கு ஒன்றாகப் போய்விட்டால், இடிபடாத கடைக்கும் வியாபாரம் ஏது? கட்டடத்துக்கு நஷ்டஈடு கிடைக்கலாம். கலைந்துபோன வாடிக்கைக்கு யார் விலை போடுவது?

மூன்றாவது, காற்று. வாகனப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உண்டு. அவை மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும். போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டி வாழும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா தொல்லை அதிகம் என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாலையிலிருந்து தள்ளிப்போகப் போக இந்தப் புகை குறையும்.

நான்காவது, சத்தம். இரவும் பகலும் ஓயாத இரைச்சலில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் வகுப்பில் கவனம் எங்கே நிற்கும்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். புகையும் சத்தமும் சாலையோரத்தில் வாழ்பவர்களுக்கு. விரைவாகப் போய்ச் சேரும் சுகமோ, எங்கிருந்தோ காரில் வந்து அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போகிறவர்களுக்கு!

அப்படியானால் சாலையே வேண்டாமா?

வேண்டும்தான். ஆம்புலன்ஸ் விரைந்து போகச் சாலை வேண்டும். காய்கறி சந்தைக்கு வரச் சாலை வேண்டும். அப்பா, அம்மா வேலைக்குப் போய் நேரத்தோடு வீடு திரும்பவும் சாலை வேண்டும். சாலை போட்டது தவறில்லை. 'வேறு வழி உண்டா? இங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?' என்ற கேள்விகளைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போட்டதுதான் தவறு.

அந்தத் தவறை அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2015-ல் செயின்ட் பால் மேயர் கிறிஸ் கோல்மனும் மாநிலப் போக்குவரத்துத் துறைத் தலைவரும் ரோண்டோ மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

ரோண்டோ மக்களும் தங்கள் பேட்டையை மறக்கவில்லை. சிதறிப்போனவர்கள் ஒன்றுகூட 1983-ல் 'ரோண்டோ நாட்கள்' என்ற விழாவைத் தொடங்கினார்கள். 2018-ல் ஒரு நினைவுச் சதுக்கம் திறக்கப்பட்டது. இப்போது அவர்கள் முன்வைக்கும் யோசனை இன்னும் பெரியது. பள்ளத்தில் ஓடும் சாலைக்கு மேலே மூடி போட்டதுபோல் அகலமான தளம் அமைத்து, அதன் மேல் வீடுகள், கடைகள், பூங்கா கொண்டுவந்து, பிரிந்த இரு பக்கத்தையும் மறுபடி சேர்க்கலாம் என்கிறார்கள். இதற்குத் திட்டமிட 2021-ல் மாநிலச் சட்டமன்றம் பணமும் ஒதுக்கியது. அன்று அந்த மக்கள் போராடிச் சாலையைப் பள்ளத்தில் போட வைத்தார்களே, அதனால்தான் இன்று மேலே மூடி போடுவதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது!

சாலையை எடுத்துவிட்ட நகரம்

'போட்ட சாலை போட்டதுதான், இனி என்ன செய்வது?' என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு தென்கொரியாவின் தலைநகர் சோல் பதில் சொல்லியிருக்கிறது.

சோல் நகரின் நடுவே சியோங்கியே என்ற ஓடை உண்டு. கொரியப் போருக்குப் பின் வீடில்லாதவர்கள் அதன் கரையில் குடிசை போட்டார்கள். ஓடை சாக்கடை ஆயிற்று. 1958-ல் அதைக் கான்கிரீட் போட்டு மூடத் தொடங்கினார்கள். பிறகு அதற்கு மேலே சுமார் 5.6 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்மட்டச் சாலையும் கட்டினார்கள். கீழே இருட்டு, புகை, இரைச்சல். காலப்போக்கில் பாலமும் பழுதுபட்டது.

2003 ஜூலையில் அந்தப் பாலத்தை இடிக்கத் தொடங்கினார்கள். போக்குவரத்து ஸ்தம்பித்துவிடும் என்று பலர் பயந்தார்கள். நகரத்தின் பேருந்து வசதியை 2004-ல் மாற்றி அமைத்தார்கள். பயந்த அளவு நெரிசல் வரவில்லை. 2005 அக்டோபர் 1-ஆம் தேதி ஓடை மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று கோடையில் அதன் கரை, பக்கத்துச் சாலைகளைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. பாலத்தின் சில தூண்களை மட்டும் நினைவுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கும் தண்ணீர். அதற்குச் செலவு ஆகிறது. பாலத்தடியில் கடை வைத்துப் பிழைத்த நடைபாதை வியாபாரிகளை ஒரு பழைய விளையாட்டரங்கத்துக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கத்தையும் இடித்தபோது, அவர்கள் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே, சாலையைப் போடும்போது கேட்க வேண்டிய கேள்வியை, அதை எடுக்கும்போதும் கேட்கத்தான் வேண்டும். இங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

நீங்கள் செய்யலாமே!

உங்கள் ஊருக்குள் நெடுஞ்சாலை போகிறதா? பெரியவர் ஒருவர் துணையோடு, பத்திரமான இடத்தில் நின்று கவனியுங்கள். நடந்து போகிறவர்கள் எப்படிக் கடக்கிறார்கள்? சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ இருக்கிறதா? தடி ஊன்றி நடக்கும் தாத்தாவால் அதில் ஏற முடியுமா? பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

பிறகு அந்தப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த பாட்டி, தாத்தாவிடம், "இந்தச் சாலை வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். புளியமரம், கிணறு, திண்ணை வீடு, டீக்கடை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்களில் யாராவது நாளை பொறியாளர் ஆகலாம், கலெக்டர் ஆகலாம். உங்கள் மேசைக்கும் ஒருநாள் ஊர் வரைபடம் வரும். பென்சிலை எடுப்பதற்கு முன் அந்தத் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஜார்ஜ் ஹெரால்ட் சொன்னதுபோல் இன்னொரு வழியும் இருக்கலாம் அல்லவா?